ஏசி ஓடியும் தும்மல் நிற்காத வீடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலோ இருந்தால், படுக்கையறைக்கு ஏசி போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி வாங்குகிறோம். ஏசி உதவத்தான் செய்யும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதால் வரும் பலன். தூசியை வடிகட்டுவதில் அதன் பங்கு மிகச் சிறியது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதி தானே விலகிவிடும்.

நம் ஊர் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் குடிக்காது. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெருகும். தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிச் சாகும். பூஞ்சைக்கும் ஈரம்தான் உயிர். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி ஈரக்காற்றுதான். ஆகவே ஏசிக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது, சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி. ஏசி காற்று நேராகப் படாத இடத்தில், கட்டில் உயரத்தில் வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. 60-ஐத் தாண்ட விடாதீர்கள்.

மழைக்காலத்தில் ஏசியை மறந்துவிடுவது

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் குளிர்ந்துவிட்டதே என்று ஏசியை நிறுத்திவிடுகிறோம். அறையில் 26 டிகிரி, ஈரப்பதம் 85, 90 சதவீதம். தூசி உண்ணிக்கும் பூஞ்சைக்கும் இதைவிட நல்ல காலம் இல்லை. போதாக்குறைக்குத் துவைத்த துணியையும் படுக்கையறையிலேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். அந்தத் துணியிலிருந்து போகும் நீர் அத்தனையும் அறைக் காற்றில்தான் சேரும்.

இந்த மாதங்களில் கூல் மோடில் 24 டிகிரி வைத்தால் அறை சீக்கிரம் அந்த அளவைத் தொட்டுவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும். ரிமோட்டில் நீர்த்துளிப் படத்தோடு இருக்கும் டிரை மோட் இதற்காகவே உள்ளது. விசிறி மெதுவாகச் சுழல்வதால் காற்று காயிலில் (உள்ளே குளிரும் குழாய்ச் சுருளில்) நின்று குளிர்ந்து, நீரை அங்கேயே விட்டுவிட்டு வரும். படுக்கப்போகும் முன் கதவு ஜன்னலை மூடி இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஈரப்பதமானியைப் பாருங்கள். இறங்காவிட்டால் எங்கோ வெளிக்காற்று கசிகிறது, அல்லது காயிலில் அழுக்கு அடைத்திருக்கிறது.

பெரிய ஏசி, 18 டிகிரி, பாதி திறந்த ஜன்னல்

120 சதுர அடி அறைக்குப் பொதுவாக ஒரு டன் போதும்; மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையென்றால் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். சின்ன அறைக்கு இரண்டு டன் போட்டால் பத்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரசர் நிற்கும். நின்ற பிறகும் உள்ளே விசிறி ஓடும். காயிலில் ஒட்டியிருந்த நீர் ஆவியாகி அறைக்கே திரும்பும். குளிர்ச்சி இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

18 டிகிரியில் வைப்பது இன்னொரு வகையில் கெடுதல். கடும் குளிர்காற்றே சிலருக்கு மூக்கொழுகலையும் இருமலையும் தூண்டும். அது ஒவ்வாமை அல்ல, ஆனால் ஒவ்வாமை என்று நினைத்து மாத்திரை போடுவார்கள். சுவரும் அளவுக்கு மீறிக் குளிரும். 32 டிகிரி வெயிலில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரி, 50 சதவீதம் உள்ள அறையில் அது 11 கிராம்தான். அந்த வெளிக்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக வந்து, 26 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்த சுவரையோ பீரோவின் பின்புறத்தையோ தொட்டால் அங்கேயே வியர்க்கும். பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வருவது இப்படித்தான். 24 அல்லது 25-இல் வைத்து, இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்து, பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். காற்றோட்டத்துக்காக ஜன்னல் திறப்பதென்றால் ஏசியை நிறுத்திவிட்டுத் திறங்கள்.

வலையை மட்டும் கழுவுவது

இன்டோர் யூனிட்டின் மூடியைத் தூக்கினால் தெரியும் நைலான் வலை, பஞ்சும் முடியும் காயிலை அடைக்காமல் தடுப்பதற்கானது. பூஞ்சை வித்துகள் அதன் கண்கள் வழியே எளிதில் போய்விடும். தினமும் ஓடும் ஏசியில் வலையை 15 நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். முதலில் எம்.சி.பி.யில் (மின்பெட்டியில் உள்ள சுவிட்சில்) மின்சாரத்தை நிறுத்துங்கள். வலையை அறைக்குள் தட்டாமல் வெளியே கொண்டுபோய், தூசி படியாத பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சுங்கள். எதிர்ப்பக்கம் பாய்ச்சினால் தூசி வலைக் கண்களுக்குள் இறுகும். வெந்நீர் ஊற்றினால் வலை நெளியும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் உண்மையான அழுக்கு வலைக்குப் பின்னால் இருக்கிறது. காயில் எப்போதும் ஈரம். அதை அடுத்துள்ள உருளை வடிவ புளோயரின் இதழ்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். இதழ்களில் கறுப்பாகப் படிந்திருந்தால் வீட்டுத் துடைப்பு போதாது. பை கட்டி வாட்டர் வாஷ் செய்யச் சொல்லுங்கள். அப்போது மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: புளோயரையும் கழுவ வேண்டும், நீர் வடியும் தட்டையும் பைப்பையும் சளி போன்ற படிவு இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும், எலக்ட்ரானிக் போர்டை நனையாமல் மூட வேண்டும். அமிலக் கலவை தெளித்தால் அலுமினியத் தகடு அரிக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடற்கரை ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை இதைச் செய்வது நியாயமானது. ஒன்றை மார்ச்சில், கோடைக்கு முதல்முறை ஏசி போடுவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியை நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காயும். அந்த ஈரம் அறைக்குள் வரும் என்பதால் காலையில் எழுந்த பிறகு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

வலைமேல் கூடுதல் துணி, அறைக்குள் புகை

சிலர் நுண்வடிகட்டித் துணியை வெட்டி வலைமேல் ஒட்டுகிறார்கள். ஸ்பிளிட் ஏசியின் விசிறிக்கு அதன் வழியே காற்றை இழுக்கும் வலு கிடையாது. காற்று குறையும், காயிலில் பனிக்கட்டி பிடிக்கும், பிறகு சுவரில் தண்ணீர் வழியும். வடிகட்டுவதற்கு ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள தனிக் கருவி, அதாவது ஏர் பியூரிஃபையர் வேண்டும். 10-க்கு 12 அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்ட 170 கன மீட்டர் தேவை. பெட்டியில் சி.ஏ.டி.ஆர். (மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்ற அளவு) என்று போட்டிருக்கும் எண் அதற்குக் குறையக் கூடாது. ஓசோன் வெளியிடும் கருவிகளை ஆஸ்துமா உள்ள வீட்டுக்குள் விடாதீர்கள்.

மூடிய ஏசி அறையில் கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புவதால் புகை வெளியேற வழியில்லை. கொசுவலை கட்டுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஏசிக்குப் பதில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வாங்குவதும் தவறுதான். மூடிய அறையில் அது ஈரப்பதத்தை 80-க்கு மேல் கொண்டுபோய்விடும்.

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் சிக்கல் ரூம் ஹீட்டரில் தொடங்குகிறது. பருவத்தின் முதல் நாள் கம்பியில் படிந்த தூசி கருகி மூக்கை எரிக்கும். அதனால் துடைத்து, ஜன்னல் திறந்து, ஆள் இல்லாத அறையில் முதலில் ஓட்டுங்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் எரியும்போது நீராவியையும் விடும், குளிர்ந்த சுவரில் பூஞ்சை வளரும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

மெத்தையை விட்டுவிடுவது

தூசி உண்ணியின் கழிவுத் துகள் கனமானது. தலையணையை உதறும்போது எழும்பி, சற்று நேரத்தில் படிந்துவிடும்; ஏசிக்கோ ஏர் பியூரிஃபையருக்கோ வந்து சேர்வது கொஞ்சம்தான். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயவைத்தால் ஈரம் போகும், உண்ணிகளில் பல சாகும், ஆனால் கழிவு உள்ளேயே இருக்கும். நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறைகளைத் தலையணைக்கும் மெத்தைக்கும் போட்டு, விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். சீலிங் ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடையுங்கள். படுக்கையறையில் துடைப்பத்தை விட ஈரமாப்பு நல்லது.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால் நேரத்தைக் கவனியுங்கள். ஏசி போட்ட சில நிமிடங்களில் தும்மலும் புழுங்கல் நாற்றமும் வந்தால் புளோயரைப் பாருங்கள். இரவெல்லாம் சரியாக இருந்து, விடியலில் எழும்போது அடைப்பும் தும்மலும் என்றால் படுக்கையைப் பாருங்கள். மூச்சில் விசில் சத்தமோ இரவில் மூச்சுத் திணறலோ இருந்தால் வீட்டைச் சரிசெய்யும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். எதற்கு ஒவ்வாமை என்பதைத் தோல் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால், இவற்றில் எந்த வேலைக்கு முதலில் பணம் செலவழிப்பது என்பதும் தெளிவாகும்.