காதில் விழுந்த விமானம், கண்ணில் படாத விமானம்

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. 2022 ஆகஸ்ட் 18 பிற்பகல், செஸ்னா 152 என்ற சிறு விமானம் ஒன்று அங்கே இறங்குவதும் உடனே மேலேறுவதுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் கொண்ட செஸ்னா 340 ஒன்று, நேராக வந்து இறங்கப்போவதாகப் பத்து மைல் தொலைவிலேயே ரேடியோவில் அறிவித்தது. மூன்று மைலில் மறுபடி சொன்னது. சின்ன விமானமும் தன் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அதன் விமானி, பின்னாலிருந்து மிக வேகமாக வருகிறீர்கள், நான் இறங்காமல் மேலேறிவிடுகிறேன் என்றார். சில நொடிகளில் இரண்டும் மோதின. இருந்த மூவரும் பிழைக்கவில்லை.

இரண்டு பேருமே பேசினார்கள், இரண்டு பேருமே கேட்டார்கள். கோபுரம் இல்லாத நிலையங்களில் நடக்கும் தவறுகளில் முதன்மையானதாக நான் கருதுவது இதைத்தான்: காதால் கேட்டுவிட்டால் கண்ணால் கண்டுவிட்டதாக நினைத்துக்கொள்வது. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குள்ள சுமார் ஐயாயிரம் நிலையங்களில் ஏறக்குறைய ஐந்நூறில்தான் கோபுரம் உண்டு. மற்ற இடங்களில் விமானிகளே ஒரு பொது அலைவரிசையில் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லி, ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த ‘மூன்று மைல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இறங்கிப் பழகியவருக்கு அது மூன்று நிமிடத் தூரம். தாராளமாகத் திரும்பி இறங்கிவிடலாம் என்று தோன்றும். அன்று வந்த 340-இன் வேகமோ சுமார் 180 நாட். அதற்கு அந்தத் தூரம் ஒரே நிமிடம். தூரத்தை மட்டும் சொல்லி வேகத்தை விழுங்கிவிடும் அறிவிப்பு பாதி அறிவிப்புதான். நேராக வந்து இறங்குவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஓடுபாதையை ஒட்டிச் செவ்வகமாகச் சுற்றிவந்து இறங்கும் வரிசையில் ஏற்கெனவே ஆள் இருக்கும்போது, ‘எனக்குத்தான் முன்னுரிமை’ என்று அதே வேகத்தில் நுழைவது வேறு விஷயம். பெரிய விமானத்தின் விமானி சிறிய விமானத்தைப் பார்த்து விலகத் தவறியதே விபத்தின் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

இன்னொரு தவறு, ஒரு குரலை இன்னொருவர் குரலாக எடுத்துக்கொள்வது. இல்லினாய்ஸின் குவின்சியில் 1996 நவம்பர் 19 அன்று நடந்தது தரை மோதல்தான்; ஆனால் பாடம் அதேதான். இறங்கிவந்த பயணிகள் விமானம், குறுக்கு ஓடுபாதையில் நின்ற கிங் ஏர் விமானத்திடம், காத்திருக்கிறீர்களா, புறப்படுகிறீர்களா என்று கேட்டது. பதில் சொன்னது கிங் ஏர் இல்லை, அதன் பின்னால் நின்ற சின்ன செரோக்கி. அந்தப் பதிலின் ஒரு பகுதியையும் பயணிகள் விமானத்தின் உயர எச்சரிக்கைக் குரல் அமுக்கிவிட்டது. காத்திருக்கிறார்கள் என்று நம்பி இறங்கினார்கள். கிங் ஏரோ ஒன்றும் சொல்லாமல் ஓடத் தொடங்கியிருந்தது. 14 பேர் இறந்தார்கள். காதால் கேட்பதும் பொய் என்று நம் ஊரில் சொல்வது இதற்கும் பொருந்தும்.

சரி, கண் மட்டும் ஒழுங்கா? அதற்கும் பழக்கம் வேண்டும். நம்மோடு மோதப்போகும் விமானம் நம் விமானத்தின் முன்கண்ணாடியில் நகரவே நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில் திடீரென்று பெருக்கும். நகர்வதையே தேடிப் பழகிய கண் அதைத் தவறவிடும். வானத்தை ஒரே வீச்சில் துழாவுவதும் பயனில்லை. பத்துப் பத்து டிகிரியாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது பார்க்க வேண்டும். கண்டு, புரிந்து, விமானத்தைத் திருப்பி முடிக்கப் பன்னிரண்டரை நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. எதிரெதிராக நூறு நாட்டில் வரும் இரண்டு விமானங்கள் அதற்குள் சுமார் 1,300 மீட்டர் நெருங்கிவிடும்.

இறக்கைகளையும் மறக்கக் கூடாது. செஸ்னா 152-க்கு இறக்கை மேலே இருப்பதால் மேலே வருவது மறையும்; செரோக்கிக்குக் கீழே இருப்பதால் கீழே போவது மறையும். பின்னது முன்னதன் மேலிருந்து இறங்கினால் இருவருக்கும் எதுவும் தெரியாது.

அருகிலுள்ள விமானங்களைக் காட்டும் திரைகள் இப்போது வந்துவிட்டன. நல்ல கருவிதான், ஆனால் சமிக்ஞை அனுப்புகிறவரை மட்டுமே அது காட்டும். மின் இணைப்பே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட பழைய பைப்பர் கப் விமானங்கள் இன்றும் இத்தகைய நிலையங்களில் சட்டப்படியே இறங்குகின்றன. ரேடியோவிலும் கேட்காமல் போகலாம், திரையிலும் தெரியாமல் போகலாம். பலவற்றுக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருப்பார்கள் என்பது ஒன்றுதான் உதவி.