சொன்னவர் பெயரோடு செய்தி எழுதுவது எப்படி? புதிய செய்தியாளர்களுக்கான செய்முறை விளக்கம்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் உள்ளூர்ச் செய்தி எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்திக்கான தகவலைத் திரட்டுவது எப்படி என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். திரட்டிய தகவல் யாருடையது என்பதைச் செய்திக்குள் எப்படி எழுதுவது என்பதைச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு.

காங்கயம் பக்கத்தில் இருந்த என் அப்புச்சி (அம்மாவின் அப்பா), தோட்டத்தில் மழை பெய்த நாள்களையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் பல ஆண்டுகள் ஒரு நோட்டில் எழுதிவந்தார். வறட்சி பற்றிச் செய்தி எழுத வந்த ஒருவர், அரை நாள் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் நாளிதழில் அப்புச்சியின் கணக்கும் அவர் சொன்ன வாக்கியங்களும் அப்படியே வந்திருந்தன. ஆனால் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அப்பகுதி முதியவர்கள் கூறுகின்றனர்’ என்று இருந்தது. செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டு, “எம்பட பேரு எங்க கண்ணு போச்சு?” என்று அவர் என்னைக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கீழே உள்ள படிகளெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

முதற்படி: குறிப்பேட்டை இரண்டாகப் பிரியுங்கள்

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்புறம் சொன்னதையும் வலப்புறம் சொன்னவரின் பெயர், ஊர், தொழில், பேசிய நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். இவற்றோடு, ‘அவருக்கு இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கான விடையையும் வலப்புறத்தில் தவறாமல் எழுத வேண்டும். நொய்யலில் நுரை பொங்கியதை ஒருவர் கரையில் நின்று கண்டிருக்கலாம். இன்னொருவர் கண்டவரிடம் கேட்டிருக்கலாம். மூன்றாமவர் நாள்தோறும் குறித்துவைத்திருக்கலாம். மூவர் சொல்லும் ஒன்றுபோலவே ஒலித்தாலும் மூன்றுக்கும் எடை வேறு. வாசகர் அந்த எடையைத் தாமே போட்டுப் பார்ப்பதற்குத்தான் சொன்னவர் யார் என்பது செய்தியில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பெயரைக் கேட்டு வாங்குங்கள்

பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பும்போது, “உங்க பேரைப் போட்டுக்கலாமுங்களா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முன்னெழுத்தையும் பெயரின் எழுத்துக்கூட்டலையும் அவரிடமே படித்துக்காட்டிச் சரிபாருங்கள். தொழிலையும் அவரே சொல்லட்டும். சொந்த நிலத்தோடு கூலி வேலைக்கும் போகும் ஒருவர், தம்மை விவசாயி என்று சொன்னால் அவ்வாறே எழுதுவதுதான் முறை. பெண்களிடம் பேசும்போது கூடுதல் கவனம் தேவை. ‘பெண் தொழிலாளி ஒருவர்’ என்றோ, இன்னாரின் மனைவி என்றோ எழுதிவிட்டு நகரும் பழக்கம் நம் செய்திகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. பனியன் கம்பெனியில் இருபது ஆண்டு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர் தம் வேலையைப் பற்றிச் சொன்னால், அது அவர் பெயரில்தான் வர வேண்டும்.

மூன்றாம் படி: கைமாறி வந்த தகவலின் தலையைத் தேடுங்கள்

பயிற்சிக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் மஞ்சள் ஏலம் நடக்கிறது. விரலி மஞ்சள் என்ன விலை, கிழங்கு மஞ்சள் என்ன விலை என்று நான்கு இடங்களையும் ஒப்பிட்டு, எந்த நாளில் எங்கே கொண்டுபோனால் வண்டி வாடகை போக லாபம் நிற்கும் என்று ஒரு விவசாயி கணக்குப்போட்டு வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்புகிறார். அது பத்துக் குழுக்களைத் தாண்டி உங்கள் கைப்பேசிக்கு வரும்போது அவர் பெயர் உதிர்ந்துபோயிருக்கிறது.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைய ஏல விலை எல்லோருக்கும் பொதுவான உண்மை. அதை விற்பனைக் கூடத்தில் கேட்டு நீங்களே எழுதலாம், எழுதும்போது விற்பனைக் கூடத்தின் பெயரைச் சொல்லலாம். நான்கு இடத்து விலையையும் வாடகையையும் சேர்த்து அவர் வந்தடைந்த முடிவும், அதை அவர் எழுதிய வாக்கியங்களும் அவருடைய உழைப்பு. ஆகவே அனுப்பியவரிடம் ‘உங்களுக்கு யார் அனுப்பினார்?’ என்று கேட்டு, ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு அழைப்புகளில் ஆளைப் பிடித்துவிடலாம். பிடித்தால், பெயரோடு சேர்த்துக் கூடுதல் விளக்கமும் கிடைக்கும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த வாக்கியங்களைத் தொடாதீர்கள். சந்தைக்கு நேரில் போய்க் கணக்கை நீங்களே புதிதாகப் போடுங்கள். ‘சமூக வலைதளங்களில் பரவிவரும் தகவலின்படி’ என்ற தொடர், தேடாமல் விட்டதை மறைக்கும் திரையாகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்மைத் தகவலுக்கு உரிமை வழங்குவதில்லை. அதை ஒருவர் எழுதிய முறைக்கே வழங்குகிறது. அந்த உரிமைக்குப் பதிவு எதுவும் கட்டாயமில்லை. நடப்புச் செய்திகளுக்காக நியாயமான அளவில் பிறர் எழுத்தை எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால், தாமே எழுதியவர் என்று உரிமைகோரும் எழுத்தாளரின் தனி உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளும், மூலத்தைக் குறிப்பிடாமல் பிறர் எழுத்தையோ கருத்தையோ தம்முடையதாகக் காட்டுவது இதழியல் அறத்துக்கு எதிரான குற்றம் என்கின்றன.

நான்காம் படி: நேர்கூற்றையும் அயற்கூற்றையும் கலக்காதீர்கள்

மேற்கோள் குறிக்குள் வருவது அவர் வாயிலிருந்து வந்த சொல்லாக இருக்க வேண்டும். கொங்கு வழக்கில் பேசியவரின் பேச்சை மேடைத்தமிழாக மாற்றி, அதை மேற்கோள் குறிக்குள் அடைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. “தண்ணி வந்துச்சுங்க, ஆனா கடைமடைக்கு ஏறலைங்க” என்று அவர் சொன்னால் அப்படியே போடுங்கள்; இதழின் நடை அதற்கு இடம் தராவிட்டால், குறியை எடுத்துவிட்டு, தண்ணீர் வந்தபோதிலும் கடைமடைக்கு ஏறவில்லை என்று அவர் தெரிவித்ததாக அயற்கூற்றில் எழுதுங்கள். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைத் தம் ஊராகக் கொண்டவர் என்று கொங்கு நாட்டார் கொண்டாடும் பவணந்தி முனிவர், பழைய சூத்திரங்களைத் தம் நன்னூலில் அப்படியே எடுத்தாள்வதற்குக் காரணம் சொல்லும்போது, முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்லாமல் அவர்களுடைய சொல்லையும் பொன்போலப் போற்றுவதாகச் சொல்கிறார். எடுத்தாளுகிறேன் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டே அவர் எடுத்தாளுகிறார்.

வினைச்சொல்லையும் பார்த்துப் போடுங்கள். ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ இரண்டும் எந்தப் பக்கமும் சாயாதவை. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் எதையோ மறைத்துவந்தார் என்ற பொருள் வந்துவிடும்.

ஐந்தாம் படி: ‘கூறப்படுகிறது’ என்பதைத் தேடி நீக்குங்கள்

எழுதி முடித்ததும் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘அப்பகுதி மக்கள் கூறியதாவது’ ஆகிய மூன்றையும் செய்திக்குள் தேடுங்கள். கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் நின்று, ‘யாரால்?’ என்று கேளுங்கள். ‘அப்பகுதி மக்கள் கூறியதாவது’ என்று தொடங்கி, மேற்கோள் குறிக்குள் ஒரே ஆள் பேசுவதுபோல ஐந்தாறு வாக்கியம் எழுதுவது தமிழ் நாளிதழ்களில் நெடுநாள் வழக்கம். ஊரே கூடி ஒரே குரலில் ஐந்து வாக்கியம் பேசாது. ஒருவர் சொன்னார், மற்றவர் தலையசைத்தார், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து பவானி ஆற்றின் உபரிநீரை இறைத்து, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் இத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ‘பல குளங்களுக்கு முறையாகத் தண்ணீர் வரவில்லை எனக் கூறப்படுகிறது’ என்று ஒரு செய்தியாளர் எழுதுகிறார் எனக் கொள்ளுங்கள். எத்தனை குளம், யார் பார்த்தது, எப்போது என்று இதில் எதுவும் தெரியாது. அதிகாரி மறுக்க நினைத்தாலும் எதை மறுப்பது என்று அவருக்கும் புரியாது. இதையே, ‘எங்கள் குளத்துக்குச் சென்ற மாதம் ஐந்து நாள்தான் தண்ணீர் வந்தது என்று, தண்ணீர் வரும் நாள்களை நாள்காட்டியில் குறித்துவரும் இன்ன ஊர் விவசாயி இன்னார் தெரிவித்தார்’ என்று எழுதிப் பாருங்கள். ஐந்து நாள் என்பதை நீர்வளத்துறையின் பதிவோடு வைத்துப் பார்க்க இப்போது வழி பிறக்கிறது. மொத்தக் குளங்களின் எண்ணிக்கை அரசின் கணக்கு, ஐந்து நாள் என்பது விவசாயியின் கணக்கு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து, இரண்டும் உங்கள் கணக்கு என்ற தோற்றத்தைத் தராதீர்கள்.

ஆறாம் படி: பெயரை மறைக்க வேண்டிய இடம்

பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய ஊர், கல்லூரி, உறவு எதையும் எழுதக் கூடாது. சட்டம் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளிப்பட்டதற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதை இந்தப் பகுதியில் செய்தி எழுதும் எவரும் மறக்கலாகாது. வேலை போய்விடும் என்று அஞ்சும் சாயப்பட்டறைத் தொழிலாளியின் பெயரையும் மறைக்கலாம். அப்போது ‘பெயர் வெளியிட விரும்பாத, அந்தப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர்’ என்று காரணம் விளங்கும்படி எழுதுங்கள். அவர் யார் என்பது உங்கள் ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மறைக்கச் சொல்லி அவர் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்க மறந்ததை மறைப்பதற்கு இந்த வழியைப் பயன்படுத்துவது தவறு.

படங்களுக்கும் இதே முறைதான். தடாகம் பக்கம் ஊருக்குள் வந்த யானையைத் தம் வீட்டு மாடியிலிருந்து படமெடுத்தவரிடம் அனுமதி கேட்டு, படத்தின் கீழே அவர் பெயரைப் போடுங்கள். வேறு நாளிதழ் முதலில் கொண்டுவந்த செய்தியைத் தொடர்ந்து எழுதினால், அந்த நாளிதழின் பெயரையும் சொல்லுங்கள்.

ஏழாம் படி: விட்டுப்போனால் திருத்துங்கள்

பெயர் விடுபட்டதாக ஒருவர் அழைத்துச் சொன்னால், விவாதிக்காமல் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். தவறு உங்களுடையது என்றால், ‘இன்ன தேதியில் வெளியான இன்ன செய்தியில் இடம்பெற்ற கணக்கு, இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாருடையது, அவர் பெயர் விடுபட்டதற்கு வருந்துகிறோம்’ என்று ஒரே வாக்கியத்தில் திருத்தம் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அழைத்தவருக்கு அவருடைய வழியையும் சொல்லிவிடுவது நேர்மை. ஆசிரியரின் பெயர் இதழிலேயே, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும். முதலில் அவருக்கு எழுத வேண்டும். நியாயம் கிடைக்காவிட்டால், நாளிதழ், வார இதழ்களைப் பொறுத்தவரை வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் முறையிடலாம். மன்றம் அபராதம் விதிக்காது. எச்சரிக்கவும் கண்டிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

திருத்தம் வெளியான அன்று, அந்த நாளிதழில் ஒரு பிரதியை வாங்கி, அவருடைய வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். வெட்டி ஒட்டிவைக்க அவரிடமும் ஒரு நோட்டு இருக்கக்கூடும்.