நிழல் காட்டும் வடக்கு: சேலத்துப் பள்ளி மைதானத்தில் திசைப் பாடம்

"சூரியன் உதிப்பது கிழக்கு" என்று மனப்பாடம் செய்யவைத்தால் போதாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது சேலத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. குச்சி நிழலே நம்பகமானது.

சமதரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும். பகல் 12 மணிக்கு நிழல் நுனியில் ஒரு கூழாங்கல், 12.40க்கு நுனி நகர்ந்த இடத்தில் இன்னொன்று. இடைப்பட்ட நேரம் பிள்ளைகள் மர நிழலில் இருக்கட்டும். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இடதுகால் முதல் கல் பக்கம், வலதுகால் இரண்டாவது பக்கம் இருக்க நின்றால் முகம் வடக்கே. காலையிலேயே செய்தால் கோடு சில டிகிரி பிசகும். ஜூன், ஜூலையில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12.20 வாக்கில்தான்.

உச்சிவேளை நிழல் வடக்கே விழும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சேலத்தில் அது தெற்கே விழும். பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்ப்பது பெரிய பாடம்.

நகரிலிருந்து சேர்வராயன் மலை வடக்குக்குச் சற்று வலப்பக்கம் தெரியும். சரிபார்க்க அது போதும். திசைகாட்டியை இரும்பு பெஞ்சிலோ செல்போன் அருகிலோ வைக்காதீர்கள். காந்த இரும்புத்தாது உள்ள கஞ்சமலைப் பக்கமும் முள் விலகலாம்.