நம்ம சபைய இன்னொரு சபையோட இணைக்கப் போறீங்களா? கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம கடக்கரப் பக்கம் கிறிஸ்தவங்கள்ல அந்தோணியார் கோவில், சூசையப்பர் கோவில் ஜனம்தான் ஜாஸ்தி, புராட்டஸ்டண்ட் சபைங்கன்னா பெரும்பாலும் சின்னது. ஐயருக்கு, அதான் போதகருக்குச் சம்பளம், கரண்ட் பில், உப்புக்காத்துல துருப்பிடிச்சு கூரையே ஒரு நாள் கேள்வி கேக்கும், அப்ப கமிட்டியில யாராச்சும் ஒருத்தர் "பேசாம பெரிய சபையோட சேந்துருவோம்ணே"ன்னு ஆரம்பிப்பாரு. ஆரம்பிக்கட்டும், தப்பில்ல. ஆனா ஜனம் சேர்றது வேற, போதகர் சேர்றது வேற, சொத்து சேர்றது வேற. இந்த மூணும் ஒரே தீர்மானத்துல ஒரே ஞாயித்துக்கிழம நடந்துரும்னு நெனச்சுத்தான் பல சபை கோர்ட்டு வாசல்ல நிக்குது.

மொதல்ல எதுக்குச் சேர்றோம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பணக் கஷ்டமா, ஐயர் கிடைக்கலையா, இல்ல நெசமாவே ஒரே சபையா இருக்கணும்னு ஆசையா? பணமும் ஆளும்தான் பிரச்சனைன்னா முழுசா இணையணும்னு அவசியமே இல்ல, பக்கத்துச் சபையோட ஒரு போதகரப் பங்கு போட்டுக்கலாம், திருவிருந்த (அப்பமும் ரசமும் பகிர்ற ஆராதனைய) சேந்து எடுக்கலாம், பிரசங்க பீடத்த மாத்திக்கலாம். சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை), சி.என்.ஐ (வட இந்தியத் திருச்சபை), கேரளத்து மார்த்தோமா சபை மூணும் 1978ல ஒரு கூட்டுக் கவுன்சில் வச்சுக்கிட்டு இப்ப வரைக்கும் தனித்தனி நிர்வாகமாத்தான் இருக்காங்க, ஒருத்தர் திருவிருந்துல இன்னொருத்தர் கலந்துக்குறாங்க. என்னயக் கேட்டா சின்னச் சபைல பாதிக்கு மேல இதுவே போதும், ஆனா இதுல மேடை, மாலை, பெயர்ப்பலகை ஒண்ணும் கிடையாது, அதனால கமிட்டி ஆளுங்களுக்குப் புடிக்காது.

இல்ல, முழுசாத்தான் இணையணும்னா அவசரம் வேணாம். 1919ல தரங்கம்பாடியில பேராயர் அசரியா மாதிரி ஆளுங்க கூடி இணைப்புப் பேச்சு ஆரம்பிச்சது, சி.எஸ்.ஐ உருவானது 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல. 28 வருஷம். நம்ம ஏரியாவே அதுக்கு உதாரணம், ராமநாதபுரத்துல எஸ்.பி.ஜி.ங்கற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) மிஷன், மதுரைல 1834ல வந்த அமெரிக்கன் மிஷன், அது பேராயரே வேணாங்குற காங்கிரிகேஷனல் வழி, ரெண்டையும் ஒரே டயசீஸாக்கி (ஒரு பேராயருக்குக் கீழ வர்ற மண்டலம்) மொத பேராயரா உக்கார வச்சது ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனரி லெஸ்லி நியூபிகின. மூணு வழி ஒரே டயசீஸ்ல. அது நடந்துச்சுன்னா, இருக்குற போதகர்மாருக்குத் திரும்ப அபிஷேகம் (போதகராக்குற சடங்கு) பண்ணச் சொல்லாம அப்படியே ஏத்துக்கிட்டாங்க, அது ஒரு பெரிய காரணம். நீங்களும் மொத கூட்டத்துலயே கேக்க வேண்டிய கேள்வி இதுதான், எங்க போதகர அப்படியே ஏத்துக்குவீங்களா, திரும்பப் படிச்சு, திரும்ப அபிஷேகம் வாங்கணும்பீங்களா?

அடுத்து ஞானஸ்நானம். குழந்தைக்கு தண்ணி தெளிக்கிற சபையும் வளந்தப்புறம் முழுக்கு குடுக்குற சபையும் சேர்றதா இருந்தா "அது அப்புறம் பேசிக்கலாம்"னு தள்ளாதீங்க, அப்புறம்ங்கறது மொத குழந்தை பொறந்ததும் வந்துரும். 1970ல நாக்பூர்ல சி.என்.ஐ உருவானப்ப முழுக்கு குடுக்குற பாப்டிஸ்ட், பிரதரன் சபைங்க எல்லாம் உள்ள இருந்ததால ரெண்டு முறையும் செல்லும்னு எழுதி வச்சாங்க, அந்த மாதிரி ஒரு வரி எழுத்துல வேணும். ஏற்கனவே ஞானஸ்நானம் வாங்குனவங்களுக்குத் திரும்பக் குடுக்கமாட்டோம்னும் சேத்து எழுதுங்க. பொம்பளைங்க போதகரா வரலாமாங்கறதும் அப்பவே. பாமாலையா, கைதட்டிப் பாடுறதா, அசனம் (கோவில் விருந்து) எந்த மாசம்ங்கறதெல்லாம் ஜனம் சண்ட போடும், போடட்டும், அது தானா சரியாகும்.

இப்ப சொத்து. இதுலதான் நெறைய நேரம் செலவழிக்கணும், கமிட்டிங்க கொஞ்சமாச் செலவழிக்கிறதும் இதுலதான்.

கோவில் நிக்கிற மண்ணு யார் பேர்ல இருக்கு? மூலப்பத்திரம் எடுங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கச் சான்று போடுங்க, தாலுகால பட்டா பாருங்க, மூணுலயும் ஒரே பேர் இருக்கான்னு ஒத்துப் பாருங்க. நம்ம பக்கம் சகஜமா வர்றது என்னன்னா, சபைய ஆரம்பிச்ச போதகர் சொந்தப் பேர்ல வாங்கியிருப்பாரு, நல்ல மனசோடதான், அப்ப ட்ரஸ்ட் எல்லாம் யாருக்குத் தெரியும். அவர் இருக்கும்போதே சபை ட்ரஸ்ட் பேருக்கு எழுதி ரெஜிஸ்டர் பண்ணிருங்க, அவர் காலமாயிட்டா வாரிசு அத்தன பேரும் கையெழுத்து போடணும், ஒருத்தர் துபாய்ல இருப்பாரு, ஒருத்தர் பேச்சுவார்த்தையிலயே இருக்கமாட்டாரு. கடல் ஓரத்துல கொஞ்சம் புறம்போக்கு, கொஞ்சம் நத்தம்னு கலந்தும் கெடக்கும், பட்டா இல்லாத இடத்த இணைப்புப் பட்டியல்ல "எங்க சொத்து"ன்னு எழுதாதீங்க. கல்லறைத் தோட்டத்தையும் தனியா எழுதுங்க, யார் யாரெல்லாம் அங்க அடக்கம் பண்ணலாம், இணைப்புக்கு வராம வெளிய நிக்கிற குடும்பத்துக்கு அவங்க அப்பத்தா பக்கத்துல இடம் உண்டா இல்லையான்னு. இத எழுதாம விட்டா சாவு வீட்டுல சண்ட வரும், அத விட அசிங்கம் ஒண்ணும் இல்ல.

தீர்மானம் போட்டா சொத்து தானா போயிரும்னு நெனக்கிறவங்களுக்கு ஒரு கேஸு. குஜராத் பிரதரன் சபை 1970ல சி.என்.ஐ-யோட இணைஞ்சதா தீர்மானம் போட்டாங்க, சொத்து யாருக்குன்னு சண்ட நாப்பது வருஷத்துக்கு மேல நீண்டு 2013ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. சங்கத்தச் சட்டப்படி கலைக்காம, ட்ரஸ்ட் சொத்த சட்டப்படி மாத்தாம, வெறும் தீர்மானத்தால சொத்து சி.என்.ஐக்குப் போகாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. அதனால உங்க சபை சங்கமா பதிவானதா, ட்ரஸ்டா, இல்ல ஒண்ணுமே பதிவு இல்லாததான்னு பாருங்க. தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975ல பதிவாயிருந்தா இந்த மாதிரி பெரிய முடிவுக்குச் சிறப்புத் தீர்மானம் வேணும், 21 நாள் முன்னாடி நோட்டீஸ், வந்து ஓட்டு போட்டதுல நாலுல மூணு பங்கு ஆதரவு. ட்ரஸ்டுன்னா பத்திரத்துல இணைக்கிற அதிகாரம் எழுதியிருக்கான்னு வக்கீல்ட்ட காட்டுங்க, சபைக்காரர்ங்கறதுக்காக ஓசில பாக்குற வக்கீல் வேணாம், ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீலும் வேணாம்.

இன்னொண்ணு, சி.எஸ்.ஐ மாதிரி பெரிய அமைப்புல சொத்து பொதுவா சி.எஸ்.ஐ.டி.ஏ.ங்கற கம்பெனி பேர்ல இருக்கும், 1947லயே பதிவானது. ஒரு தடவ அங்க எழுதிக் குடுத்துட்டா உங்க ஊர்க் கமிட்டி கூடி விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அது நல்லதாவும் இருக்கலாம், எந்த ஊர்க் கமிட்டியும் ராத்திரியோட ராத்திரியா வித்துத் திங்க முடியாதுல்ல. ஆனா தெரிஞ்சு செய்யணும்.

வெளிநாட்டுக் காணிக்கை வாங்குற சபையா இருந்தா ஆடிட்டர மொதல்லயே கூப்புடுங்க. 2020 திருத்தத்துக்கு அப்புறம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பணத்த இன்னொரு அமைப்புக்கு மாத்தக் கூடாது, அவங்களும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வச்சிருந்தாலும் கூடாது, உங்க பதிவும் தானா அவங்களுக்குப் போகாது. வருமான வரி விலக்குப் பதிவு இல்லாத அமைப்போட இணைஞ்சா சேத்து வச்ச சொத்து மதிப்புக்கே வரி போடுற ஏற்பாடும் இருக்கு, இது பல பேருக்குத் தெரியாது. மாசக் காணிக்கையில எவ்வளவு மேல அனுப்பணும், அனுப்பாட்டி என்ன ஆகும், பழைய கடன் யாரோடது, நம்ம போதகர எப்ப வேணாலும் மாத்திருவாங்களா, அவர் பி.எஃப். என்ன ஆகும், எல்லாம் எழுத்துல வாங்குங்க. போதகரோட கல்யாணம் நடத்துற லைசென்ஸையும் பாருங்க, 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவர் எந்த வகைல நடத்துறாரு, இணைஞ்சப்புறம் அது செல்லுமான்னு. இல்லாட்டி நடுவுல நடக்குற கல்யாணம் கேள்விக்குறி ஆயிரும்.

கூட்டம் எப்ப வைக்கிறது? ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆளுங்க ஊர்ல இருப்பாங்க, விளக்கக் கூட்டத்துக்கும் ஓட்டுக்கும் அதுதான் நேரம். ஆனா அப்ப யார் கையிலயும் காசு இருக்காது, அதனால பதிவுச் செலவுக்கு வரி போடுறத அந்த ரெண்டு மாசத்துல அறிவிக்காதீங்க, இணைப்பே செலவுன்னு ஜனத்துக்குப் பட்டுரும். ஓட்டர் பட்டியல நோட்டீஸுக்கு முன்னாடியே முடிச்சு கதவுல ஒட்டுங்க. குடும்பத் தலைவர் பேர் மட்டும் இருக்குற பட்டியலா இருந்தா பொம்பளைங்க பேரையும் சேருங்க, காணிக்கை பிரிக்கிறதுலேருந்து அசனத்துக்கு அரிசி வாங்குறது வரைக்கும் அவங்கதான் பாக்குறாங்க, ஓட்டுக்கு மட்டும் அண்ணாச்சிங்களா? கை தூக்குறது வேணாம், சீட்டு போடுங்க, மச்சான் முன்னாடி எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் மனசு வராது.

தோக்குறவங்களுக்கு என்னன்னு ஓட்டுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. 1947ல ஆந்திரா பக்கம் நந்தியால்ல ஆங்கிலிக்கன் ஜனத்துல ஒரு பெரும் பகுதி வரமாட்டோம்னு நின்னுட்டாங்க, ரொம்ப வருஷம் தனியாவே இருந்தாங்க. (அதே நந்தியால் டயசீஸ்லதான் 2013ல சி.எஸ்.ஐ-யோட மொத பெண் பேராயர் வந்தாங்க, காலம் எப்படியெல்லாம் திருப்புது பாருங்க.) வட இந்தியாவுல அமெரிக்க வழி மெத்தடிஸ்ட் சபை வருஷக் கணக்காப் பேசிட்டு 1970ல கடைசி நேரத்துல விலகிருச்சு, அதுக்காக சி.என்.ஐ நிக்கல. அதனால மறுதரப்பு விலகுனா செலவு யாரு, நம்மள்ல கால்வாசி பேர் விலகுனா அவங்களுக்குக் கோவில் ஹால் எத்தன மாசம்னு ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்து போடுங்க.

ஓட்டு ஜெயிச்சப்புறம் பேங்க் கையெழுத்து, ஈ.பி. கனெக்‌ஷன், வீட்டு வரி ரசீது எல்லாம் பேர் மாத்தணும், அது ஆபீஸ் அலைச்சல், வாலிபர் சங்கத்துல ரெண்டு தம்பிங்கள்ட்ட குடுத்தா முடிச்சிருவாங்க. ஆனா ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவேடு மூணையும் ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி ரெண்டு எடத்துல வைங்க, உப்புக்காத்துல பழைய தாள் நிக்காது, அடுத்த வருஷமே யாராச்சும் பழைய ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு வந்து நிப்பாங்க, அப்ப பதிவேடு டயசீஸ் ஆபீஸ்ல எந்த பீரோவுல இருக்குன்னு யாருக்கும் தெரியாது.