விண்டோஸ் 11-க்கு மாறலாமா? என் அனுபவம்

களுவாஞ்சிகுடியில் சின்னதாய் ஒரு டைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். நன்றாக ஓடுகிற கணினியில் ஏன் கை வைப்பான் என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு முடிகிறது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றதும் பயம் வந்துவிட்டது. ஊர்ச்சனத்தின் அடையாள அட்டைப் பிரதிகள் இந்தக் கணினிக்குள்தானே கிடக்கின்றன.

என் கணினி விண்டோஸ் 11-க்குப் பொருந்துமா என்று சோதித்துப் பார்த்தால், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 (இரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) இல்லை என்று காட்டியது. என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி. அதில் இல்லாமல் இருக்காதே! பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) போய்த் தேடினேன். பாதுகாப்புப் பகுதியில் 'இன்டெல் பிடிடி' என்று ஒரு வரி (டிபிஎம்-இன் இன்டெல் வடிவம் இதுதான்), அதன் பக்கத்தில் 'டிசேபிள்ட்'. அதை 'எனேபிள்ட்' ஆக்கி, சேமித்து வெளியே வந்தேன். மறுபடி சோதித்தபோது பச்சை டிக் விழுந்தது.

சரி, உடனே மாறினேனா? இல்லை. மருமகனின் லேப்டொப்பில் ஏற்கனவே 11 இருந்தது. என் பழைய பிரிண்டரை அதில் மாட்டி, பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு விண்ணப்பத்தை அச்செடுத்துப் பார்த்தேன். கொம்பு, கால் எதுவும் பிசகவில்லை. எனக்கு அதுதான் பெரிய சோதனை.

அப்புறம் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். இடையில் கரண்ட் போனால் கதை கந்தல் என்பதால் யூபிஎஸ் போட்டு, ஞாயிறு இரவு தொடங்கினேன். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம். எனக்குத் தேவைப்படவில்லை.