நோவா: மகனுக்கு இந்தப் பெயரை வைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பேழை, பெருவெள்ளம், வானவில் எல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம். பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு நடக்கிற கூத்துதான் தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எபிரேயத்தில் பெண் பெயரைப் பொறிப்பது

ஞானஸ்நானத்துக்கு வெள்ளி டாலர், தொட்டிலுக்கு மேலே மரப்பலகை, அப்பாவின் முன்கையில் பச்சை. பெயரை எபிரேய எழுத்தில் போட ஆசை வந்ததும், செயலியில் தட்டி, வருவதை அப்படியே நகாசு வேலைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதில் நூன், ஐன், ஹே என்று மூன்று எழுத்து இருந்தால் போச்சு. அது நோவா அல்ல. எண்ணாகமம் 27-இல், தகப்பன் சொத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மோசேயின் முன் வந்து நின்ற செலோப்பியாத்தின் ஐந்து மகள்களில் ஒருத்தியின் பெயர். தமிழ் வேதாகமம் ஒரு 'ள்' சேர்த்து 'நோவாள்' என்று பிரித்து வைத்திருக்கிறது. இஸ்ரேலில் யூதப் பெண் குழந்தைகளின் பெயர்களில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்ததும் இதுதான். அங்கே யார் பார்த்தாலும் 'மகள் பெயரா?' என்றுதான் கேட்பார்கள்.

ஆண் பெயருக்கு இரண்டே எழுத்து: வலப்பக்கம் நூன், இடப்பக்கம் ஹேத். அந்த இரண்டிலேயே மூன்று விதமாகக் கெடும்.

முதலாவது, ஹேத்தின் இடது கால். அது மேல்கோட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். கடுகளவு இடைவெளி விழுந்தாலும் அது ஹே என்ற வேறு எழுத்து. சின்ன டாலரில் உளி லேசாக நழுவினாலே போதும். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துரு என்றால் இன்னும் மோசம். தடித்த எழுத்துருவைக் கேளுங்கள்.

இரண்டாவது, திசை. எபிரேயம் வலமிருந்து இடம். இது தெரியாத மென்பொருள் எழுத்து வரிசையைத் திருப்பிப் போட்டுவிடும். திருப்பினால் 'கிருபை' என்று பொருள்படும் சொல்லின் சாயல் வரும். 'நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது' என்ற ஆதியாகமம் 6:8-இல் மூலமொழி விளையாடுவதே இந்தத் திருப்பத்தில்தான். ஆனால் டாலரில் அதுவும் தப்பு: சொல்லின் கடைசியில் நூன் வந்தால் அடிக்கோட்டுக்குக் கீழே நீளும் தனி வடிவம் வேண்டும். திருப்பிப் போட்டதில் அது இருக்காது. எபிரேயம் படிப்பவர் ஒரே பார்வையில் சிரித்துவிடுவார்.

மூன்றாவது, நடுவில் வாவ் என்ற எழுத்தைச் சேர்ப்பது. ஒலி மாறாது, ஆனால் இன்றைய எபிரேயத்தில் அது 'வசதியான' என்ற சாதாரணச் சொல். சோபா விளம்பரத்தில் வருவது. மகன் கழுத்தில் எதற்கு?

பொறிக்கக் கொடுக்குமுன் ஆதியாகமம் 6:9-ஐ எபிரேய வேதாகமத்தில் எடுத்து, பெயரைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உயிர்க்குறியும் வேண்டுமென்றால் நூனின் மேலே ஒரு புள்ளி, ஹேத்துக்குக் கீழே ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டின் ஒலி ஹேத்துக்கு முன்னால் வரும்: 'நோ-அஹ்', கடைசி ஒலி தொண்டையில் உரசி.

பெயரின் பொருளை 'ஆறுதல்' என்று மட்டும் சொல்லி முடிப்பது

'இவன் நம்மைத் தேற்றுவான்' என்று நோவாவின் தகப்பன் லாமேக்கு பெயரிட்டதாக ஆதியாகமம் 5:29 சொல்கிறது. 'தேற்று' என்பதன் வேர் வேறு. நாகூம், மெனாகேம் பெயர்களின் வேர் அது. நோவாவின் எழுத்துகள் 'ஓய்வு' என்ற வேரோடுதான் பொருந்துகின்றன. வேதாகமம் செய்வது ஒலி ஒற்றுமையை வைத்த சொல்விளையாட்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அந்த வசனத்தையே 'இளைப்பாறுதல் தருவான்' என்று மாற்றிக்கொண்டது. பேழை அராராத்தில் தங்கும் இடத்திலும், புறா இளைப்பாற இடம் காணாத இடத்திலும் மூலத்தில் வருவது ஓய்வின் வேர்தான். இரண்டையும் சொல்லுங்கள், ஆனால் எது வேர், எது விளையாட்டு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தர வரிசையைப் பார்த்து மிரளுவது

அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரை ஆண் பெயர்களில் நோவா முதலிடம். 2017-இல் லியாம் முந்தியது. இங்கிலாந்து, வேல்ஸில் 2021, 2022-இல் முதலிடம். 'வகுப்புக்கு நாலு நோவா இருப்பானே' என்று பயந்து பெயரையே கைவிடுகிறார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்: 1999-இல் முதலிடம் பிடித்த ஜேக்கப் அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெயர், 2013-இல் முதலிடம் வந்த நோவா 18,000 சொச்சம்தான். பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பெயர்கள் பெருகிவிட்டதால் இன்றைய முதலிடம் அன்றைய முதலிடத்தில் பாதிதான்.

இஸ்ரேலிலும் இதே மவுசு என்று நினைப்பது

இல்லை. ஆண் பெயரின் இந்த அலை மேற்கத்திய நாடுகளில் அடித்தது.

நூஹ் வேறு பெயர் என்பது

அதே பெயரின் அரபு வடிவம்தான். குர்ஆனின் 71-ஆவது அத்தியாயம் நூஹ்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எழுத்துக் கூட்டுவது

தமிழில் உள்ள 'வா'வை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் Noah என்பது Nova ஆகி, லத்தீனில் 'புதியவள்' ஆகிவிடும். பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஆங்கில எழுத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். பிறகு திருத்த அலைய வேண்டாம்.

நோவாம்

ஒலி நெருங்கினாலும் இது வேறு எபிரேயப் பெயர், வேறு வேர்; பொருள் 'இனிமை'.