ரியோஹா சிவப்பு ஒயின்: பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

ஸ்பெயின் சிவப்பு ஒயினை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது ரியோஹாவைத்தான். அதை வாங்கப் பெரிய ஒயின் ஞானம் வேண்டாம். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: ஊரும் திராட்சையும்

வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றையொட்டி இருக்கிறது ரியோஹா. வடக்கே நிற்கும் கன்டாப்ரியா மலைத்தொடர் அட்லாண்டிக் குளிர்காற்றைத் தடுத்துவிடுகிறது. முக்கியத் திராட்சை டெம்ப்ரனியோ. பல சிவப்பு வகைகளை முந்திக்கொண்டு பழுப்பது. செர்ரி, பிளம் வாசனை, அளவான துவர்ப்பு, அதனால் புதியவர்களுக்கும் முகம் சுளிக்காது. கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவற்றையும் கொஞ்சம் கலப்பார்கள்.

படி 2: பின்சீட்டைப் படியுங்கள்

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒயின் எவ்வளவு காலம் முதிர்ந்தது என்பதை அந்தச் சீட்டின் நிறமும் சொல்லும் காட்டிவிடும்.

பச்சை: முதிர்வுக்கு நிபந்தனை எதுவும் இல்லை. பெரும்பாலும் இளசு, பழச்சுவை தூக்கலாக இருக்கும். ஆனால் விதிகளுக்குள் அடங்க விரும்பாத சில நல்ல தயாரிப்பாளர்களும் பச்சையிலேயே விற்கிறார்கள், மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.
சிவப்பு, 'கிரியான்சா': குறைந்தது 2 ஆண்டு, அதில் 1 ஆண்டு ஓக் மரப் பீப்பாயில்.
அடர் சிவப்பு, 'ரெசர்வா': 3 ஆண்டு, அதிலும் 1 ஆண்டாவது பீப்பாயில்.
நீலம், 'கிரான் ரெசர்வா': 5 ஆண்டு. பீப்பாயில் 2, பாட்டிலில் 2 ஆண்டாவது இருக்க வேண்டும்.

பீப்பாய் மேல் இவ்வளவு பிடிப்பு எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அந்நாட்டின் போர்தோ ஊர் வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். அவர்களுடைய 225 லிட்டர் பீப்பாய் முறை இங்கே வேரூன்றிவிட்டது. சரக்கு அனுப்ப வசதியாக, ஆரோ ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றியே ஒயின் கூடங்கள் எழுந்தன. 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா என்னும் ஒயின் கூடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ரியோஹாவில் அமெரிக்க ஓக் அதிகம். வெண்ணிலா, தேங்காய் மாதிரி வரும் மணம் அதன் வேலை.

படி 3: எதை வாங்குவது?

கிரியான்சா. பழமும் மரமும் அதில் ஒன்றையொன்று அமுக்காது. கிரான் ரெசர்வாவில் பழச்சுவை அடங்கி, தோல், புகையிலை, உலர்பழ வாசனை மேலே வரும். பழகாத நாக்குக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

படி 4: ஊற்றும் முன்

16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. வெயில் காலமென்றால் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் ஆல்கஹால் வாடைதான் முன்னால் நிற்கும். பழைய பாட்டிலில் அடியில் வண்டல் இருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, ஆடாமல் ஊற்றவும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். சுழற்றி முகர்ந்து பார்க்க இடம் வேண்டுமே.

படி 5: கூட என்ன சாப்பிடுவது?

ஆட்டுக்குட்டி இறைச்சி, சந்தேகமே வேண்டாம். ரியோஹாவில் காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் சின்னச் சின்ன விலா எலும்புத் துண்டுகளைச் சுடுவார்கள். உப்பு தவிர மசாலா கிடையாது. இறைச்சியின் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். உருளைக்கிழங்கும் சொரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவிடும் 'பட்டாட்டாஸ் அ லா ரியோஹானா' இன்னொரு ஜோடி; இதற்குக் கிரியான்சாவே பொருத்தம். அப்புறம் சைவமா? பூண்டு போட்டு வதக்கிய காளான், அல்லது மான்செகோ என்னும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி. லொக்ரோன்யோ நகரின் லவுரெல் தெருவில் காளானை இரும்புக் கல்லில் சுட்டு ரொட்டி மேல் வைத்துத் தருவார்கள் (பெரும்பாலும் மேலே ஒரு இறாலும் இருக்கும், சைவர்கள் கேட்டு வாங்கவும்), கையில் ஒயினோடு நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான்.

பச்சை மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். ஆல்கஹால் அந்த எரிச்சலை ஏற்றிவிடும்.

மீந்த ஒயினை இறுக்க மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் சமையலில் ஊற்றிவிடுங்கள்.